அண்ணனின் பட்டம்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022 செப்டம்பரில் ‘புதுமைப் பெண்’ ஆக மாறியது. தாலிக்குத் தங்கம் கொடுத்த அரசு, அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கப்போகும் மாணவியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடத் தொடங்கியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடியவரின் பெயரைத் தாலிக்கு வைத்திருந்ததுதான் எனக்கு விளங்காத விஷயம். (தங்கம் போனதே என்று வருந்திய தாய்மார்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் கவலை வேறு.)

இந்த ஆயிரம் ரூபாயில் எனக்குப் பிடித்தது தொகை அல்ல. ஆறு முதல் பன்னிரண்டுவரை எங்கே படித்தாய் என்று அவளைத்தான் கேட்கிறது. அண்ணன் என்ன படித்தான் என்று கேட்பதில்லை.

‘முதல் பட்டதாரி’ சலுகை அதைத்தான் கேட்கிறது. தொழிற்கல்விக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்பவர்களுக்கு, சாதி, வருமானம் பார்க்காமல் கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் நல்ல திட்டம். ஆனால் அதன் கணக்கில் படிப்பது ஆள் அல்ல, குடும்பம். வீட்டில் ஒருவர் பட்டம் வாங்கியிருந்தால் அடுத்தவருக்குச் சான்றிதழ் கிடையாது. எந்த வீட்டில் யார் முதலில் கல்லூரிக்குப் போகிறார் என்பது வயதுவரிசையில் நடக்கிறதா என்ன? மூத்தவள் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பாள், நடுவில் பிறந்தவன் இன்ஜினியரிங் முடித்திருப்பான், கடைக்குட்டி நல்ல மார்க்கோடு வந்து நிற்பாள். அவள் பரம்பரையில் படிதாண்டிப் படிக்கவந்த முதல் பெண். தாலுகா அலுவலகத்துக்கோ அவள் இரண்டாவது பட்டதாரி.

நான் வேலைபார்த்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு சில வருடங்கள் என்னிடம் இருந்தது. “எங்கண்ணன் படிச்சிட்டா நான் படிச்ச மாதிரியா மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள். நிர்வாகம் தன் பணத்தில் தரும் ஸ்காலர்ஷிப்புக்கு அவளை அனுப்பினேன். அதற்கு நேர்காணல் உண்டு. பையன்களிடம் “அடுத்து என்ன பிளான்?” என்று கேட்ட அதே வாய், அவளிடம் “வீட்ல மாப்பிள்ளை பார்க்கிறாங்களா?” என்றது. பாதியில் நின்றுவிட்டால் பணம் வீணாம். பையன்கள் நிற்பதேயில்லை போலும்! அரியர் வைத்துக் காணாமல் போனவர்களின் பட்டியலும் என் மேசையில்தான் இருந்தது.

அப்பா கதை தனி. எஸ்சி, எஸ்டி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. வருமானச் சான்றுக்குப் போனால் அப்பாவின் வருமானம்தான் முதல் கேள்வி. வருடக்கணக்கில் வீட்டுக்கே வராத அப்பாவின் சம்பளம் காகிதத்தில் ஒழுங்காக வந்துவிடுகிறது. இட்லி விற்று ஃபீஸ் கட்டும் அம்மா, தான் கைவிடப்பட்டவள் என்று கிராம நிர்வாக அலுவலர் முன்னால் நின்று நிரூபித்தால்தான் அவள் வருமானம் கணக்கில் ஏறும். 2023இல் மகளிர் உரிமைத் தொகை கொடுக்கும்போது ‘குடும்பத் தலைவி’ என்ற சொல் அரசுக்குக் கிடைத்தது. நான் சரிபார்த்த படிவங்களில் தந்தை / பாதுகாவலர் கையொப்பம் என்ற கட்டம் மட்டுமே இருந்தது.