பக்கத்துக்கு ஐந்து சூ

மாப்பசானின் 'நெக்லஸ்' (1884) கதையை வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவிகள் முதலில் சொல்வது 'பேராசை' என்பதைத்தான். பெண்ணின் நகையாசை குடும்பத்தைக் கெடுக்கும் என்ற நீதிக்கதையாகவே இது நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நான் அதன் நடுப்பகுதியை, கடனடைத்த அந்தப் பத்தாண்டுகளை, மறுபடி வாசிக்கச் சொல்வேன்.

தொலைந்த இரவல் நகைக்கு ஈடாக வாங்கியதன் விலை 36,000 பிராங்க். பாதி, கணவனின் தந்தை விட்டுச்சென்ற பணம், மீதி கடன். இருவருமே உழைக்கிறார்கள். அலுவலக வேலை போக, இரவில் அவன் பிரதியெடுக்கிறான். பக்கத்துக்கு ஐந்து சூ. மத்தில்ட் வேலைக்காரியை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள், துணி துவைக்கிறாள், தண்ணீர் சுமந்து மாடியேறுகிறாள், கடைகளில் காசுக்குக் காசு பேரம் பேசுகிறாள். அவன் உழைப்புக்கு விலை இருக்கிறது. அவளுடையதற்குச் சிக்கனம் என்று பெயர். கடன் பத்திரங்களில் கையெழுத்திடுபவனும் அவனே. கணவனின் அனுமதியின்றி மனைவி ஒப்பந்தம் செய்ய முடியாத சட்டம் அன்றைய பிரான்சில் இருந்தது.

அவளது மனவுறுதியை மாப்பசான் மதிக்கவே செய்கிறார். ஆனால் சிவந்த கைகளும் குலைந்த கூந்தலுமாக அவள் உடலை மட்டுமே உருக்குலைத்துக் காட்டுகிறார். அவன் உடல் என்னவானது என்று கதை சொல்வதில்லை. பிறகு அந்த இறுதித் திருப்பம்: இரவல் நகை போலி, மிஞ்சினால் 500 பிராங்க் பெறும். அந்த அதிர்ச்சியில் பத்தாண்டு உழைப்பே கேலியாகிவிடுகிறது. எனக்கு ஆசிரியரோடு பிணக்கு இங்கேதான். நகை போலியாக இருந்தாலும் கடன் நிஜம். அதை அடைத்த வேலையும் நிஜம்.

நம் வீடுகளில் கடன் தீர்ந்த கதையைச் சொல்லும்போதும், சிக்கனம் என்ற சொல்லுக்குள் யாருடைய வேலைநேரம் இருக்கிறது என்று கேளுங்கள்.