108-லிருந்து ஒரு தனிப்படை

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்ல. புகையைக் கண்டு உதவ ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். ஆபத்தான இடத்துக்குள் நுழைந்து அங்கேயே சிகிச்சை தொடங்கும் தனி மருத்துவ அணி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துக்கு வேண்டுமா என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 2005 லண்டன் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கிலாந்து இத்தகைய அணிகளை அமைத்தது. ஒவ்வொரு அணியிலும் மூச்சுக்கருவியும் கயிறும் பழகிய ஆறு பேர் இரவு பகலாகத் தயாராக இருப்பார்கள்.

நம் ஊரில் இதன் தேவை பட்டாசு ஆலையைவிடச் சதுரகிரி மலைக்கோயிலில்தான் பளிச்சென்று தெரிகிறது. 2015 மே மாதம் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துப்போனது அங்கேதான். வெள்ளமே வராத நாளிலும், பாதி மலையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஆட்கள் தோளில் சுமக்கும் டோலிதான் வழி. டோலி இறங்கும்போது நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முடியாது. ஆளைத் தட்டையான பாறையில் கிடத்தினால்தான் அழுத்தம் இதயத்தைச் சேரும். எப்போது இறக்கி வைப்பது, எப்போது நிற்காமல் நடப்பது என்பதை அந்த இடத்திலேயே ஒருவர் முடிவு செய்ய வேண்டும். அடிவாரத்தில் தாணிப்பாறையில் நிற்கும் ஆம்புலன்ஸால் அதைச் செய்ய முடியாது.

ஆனால் அந்த ஒருவர் எங்கிருந்து வருவார்? 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையில், வண்டியின் பின்பகுதியில் நோயாளியோடு இருப்பது ஒரே ஒரு மருத்துவ உதவியாளர். 12 மணி நேர ஷிஃப்ட். சிலரைப் பிரித்துத் தனி அணியில் உட்காரவைத்தால், கொல்லம் நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவருக்கும், பாம்பு கடித்த விவசாயிக்கும், பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கும் வண்டி தாமதமாகும். இவர்கள்தான் அன்றாடம் அழைப்பவர்கள். வருடத்துக்கு ஓரிரு முறை வரும் விபத்துக்காகக் காத்திருப்பவரின் கையும் பழக்கம் விட்டுப்போகும். ஊசி போட நரம்பைத் தேடும் லாகவம் தினமும் நோயாளியைத் தொட்டால்தான் நிற்கும்.

ஆகவே முழுநேர அணி இங்கே வீண் என்பேன். பயிற்சி வீண் இல்லை. நம் ஆபத்துகளில் பெரும்பங்கு நாள்காட்டியிலேயே இருக்கிறது: சதுரகிரியில் கூட்டம் கூடும் ஆடி அமாவாசை, தீபாவளிக்கு முந்தைய மாதங்கள், பட்டாசு மருந்து எளிதில் சூடேறும் கோடை. வழக்கமான வண்டியில் ஓடுபவர்களிலேயே சிலருக்கு மலையும் தீயும் பழக்கி, அந்த நாள்களில் மட்டும் தீயணைப்பு வீரர்களோடு நிறுத்தலாம். அவர்கள் இடத்தில் மாற்று ஆளை வண்டியில் ஏற்றியே ஆக வேண்டும். ஆலைக்குள் எப்போது நுழையலாம் என்ற சொல் தீயணைப்பு அதிகாரியுடையதாக இருக்கட்டும். அடுத்த அறை வெடிக்குமா என்பது மருத்துவ உதவியாளருக்குத் தெரியாது.

இதற்குத் தனிப்படியும் காப்பீடும் கொடுக்காமல் ஆள் கேட்பது அநியாயம். முதல் ஒத்திகையை ஆடி அமாவாசைக்கு முன்பே தாணிப்பாறையில், வனத்துறையோடு டோலிக்காரர்களையும் சேர்த்து நடத்தலாம். பாதையின் ஒவ்வொரு வழுக்குப் பாறையையும் அறிந்தவர்கள் அவர்கள்தான்.