முதல் ஐந்து நிமிஷம்

பத்துப் பேர் அடங்கிய எங்கள் வாசகர் குழுவுக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் ஏற்பாடு வேண்டும் என்ற ஆசை எழுந்தபோது, கடிதங்களை வாங்கி வைத்துக்கொள்ளும் சர்வர் முன்பே ஓடிக்கொண்டிருந்தபடியால், அவற்றை பிரௌசரிலேயே படிக்கவும் எழுதவும் ஒரு முகப்பு மட்டுமே பாக்கியாக இருந்தது. அந்த ஸ்தானத்துக்கு நான் அமர்த்தியது ரவுண்ட்கியூப். 2005-இல் தாமஸ் புரூடர்லி ஆரம்பித்து, 2023-இன் இறுதியில் நெக்ஸ்ட்கிளவுடுடன் சேர்ந்துகொண்ட இந்தத் திறமூல மென்பொருள் கடிதங்களைத் தன்னிடம் சேமித்து வைப்பதில்லை. ஐமேப் வழியே சர்வரிடம் கேட்டு வாங்கிக் காட்டுவதும், நாம் எழுதியதை எஸ்எம்டிபி வழியே ஒப்படைப்பதுமே அதன் காரியம்.

ஒரு தலைமுறைக்கு முன், இதே வேலையைச் செய்த ஸ்குவிரல்மெயில் என்ற மென்பொருளை நிறுவியவர்களுக்கு, கறுப்புத் திரையில் எண்ணெண்ணாகத் தட்டிப் பட்டியலுக்குள் பட்டியலாக நுழைந்த கஷ்டம் ஞாபகமிருக்கும். ரவுண்ட்கியூப் அந்தச் சிரமத்தை வெகுவாகக் குறைத்திருக்கிறது. அதன் நிறுவி மூன்றே படிகளில் முடிகிறது: அது ஓடுவதற்குத் தேவையான பிஹெச்பி மொழியும் அதன் உறுப்புகளும் சரியாக இருக்கின்றனவா என்ற பரிசோதனை, விவரங்களை நிரப்பும் படிவம், பின்பு, அங்கிருந்தே ஒரு கடிதத்தை அனுப்பியும் ஐமேப்புக்குள் நுழைந்தும் பார்க்கிற ஒத்திகை. வேலை முடிந்ததும் அந்த நிறுவியை நீக்கிவிடும்படியோ முடக்கிவிடும்படியோ எச்சரிக்கவும் அது தவறுவதில்லை. இதுவரை எனக்கு ஆக்ஷேபணை எதுவும் இல்லை.

ஆனால் இரண்டாம் படியின் படிவத்தில், இன்றியமையாத கேள்வியும், வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொட வேண்டாத கேள்வியும் ஒரே அளவு எழுத்தில், ஒரே மரியாதையோடு வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையைக் கடந்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணிய நான், புதிய உபயோகிப்பாளரின் முகவரி எந்தப் பெயரில் முடிய வேண்டும் என்று தீர்மானிக்கும் ‘மெயில் டொமைன்’ என்ற அமைப்புக் கோப்பு வரியை, அதன் முக்கியத்துவம் அறியாமல் காலியாக விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான எங்கள் குழுவின் மூத்தவர் தொலைபேசியில் அழைத்து, “ஏன் சார், நாலு பேருக்கு எழுதினேன், ஒருத்தர்கூடப் பதில் போடவில்லையே, என் தமிழ் அவ்வளவு மோசமா?” என்று விசாரித்தார். போய்ப் பார்த்தால், அவருடைய அனுப்புநர் முகவரி அவர் பெயருக்குப் பின் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று முடிந்திருந்தது; அதாவது, உலகத்தில் எந்தத் தபால்காரனுக்கும் தெரியாத ஊர்!

முதன்முறை உள்ளே நுழைகிறவருக்கு ரவுண்ட்கியூப் தானாகவே ஒரு கணக்கையும் ஓர் ‘அடையாள’த்தையும் சிருஷ்டித்துவிடுகிறது; மெயில் டொமைன் காலியாக இருந்தால் சர்வரின் பெயரையே முகவரிக்கு வாலாக ஒட்டிவிடுகிறது. பிற்பாடு நான் அந்த வரியைத் திருத்தியபோதும், முன்பே பிறந்துவிட்ட அடையாளங்கள் மாறவில்லை. ஒவ்வொருவருடைய செட்டிங்ஸிலும் புகுந்து தனித்தனியே சரிசெய்ய வேண்டியதாயிற்று. பிழை என்னுடையதுதான், எனினும், அதைச் செய்தவன் நானாக இருக்க, வெட்கத்தை அனுபவித்தவர் தலைமை ஆசிரியராக இருந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

இதற்கு மருந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்பது வேடிக்கை. ‘நியூ யூசர் டயலாக்’ என்ற சிறு பிளக்இன் ரவுண்ட்கியூபோடு கூடவே வருகிறது. அதை இயக்கி வைத்தால், முதல் நுழைவிலேயே ஒரு சிறு சாளரம் தோன்றி, பெயர் என்ன, முகவரி சரிதானா, கடிதத்தின் கீழ் என்ன கையொப்பம் வேண்டும் என்று கேட்டுவிடுகிறது. பதில் தெரிந்தவரிடம், பதில் தேவைப்படும் தருணத்தில் கேட்கப்படும் கேள்வி அது. அத்தகைய உத்தமமான வசதி, நிர்வாகி தேடிக் கண்டுபிடித்து எழுப்பும் வரையில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

அன்றாட உபயோகத்தைப் பற்றிச் சொல்வதானால், 2019-இல் 1.4 பதிப்போடு வந்த ‘எலாஸ்டிக்’ தோற்றம் பாராட்டுக்குரியது. கணினித் திரையில் போல்டர்கள், கடிதப் பட்டியல், கடிதம் என்று மூன்று பத்திகளாக விரிந்து நிற்பது, கைபேசியில் ஒவ்வொன்றாக மடிந்து அடங்குகிறது. ஆயினும் பதில் எழுதப் புகுந்தால், கர்சர் வந்த கடிதத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மேற்கோளுக்குக் கீழே விடை எழுதுவது பழைய இணைய சம்பிரதாயம். அதை அறியாத தலைமை ஆசிரியரோ, நீண்ட கடிதம் ஒன்றின் உச்சியைப் பார்த்துக்கொண்டு, எழுத இடமே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். மாற்றிக்கொள்ள வழி உண்டு. செட்டிங்ஸுக்குள் விருப்பங்கள், அதற்குள் கடிதம் எழுதுவதற்கான பகுதி என்று இறங்கிப் போய்த் தேடுகிறவருக்கு அது கிட்டும். நிர்வாகியே அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் எல்லோருக்கும் இதை மாற்றிவிடலாம் என்பதால், தேட வேண்டியவர் தலைமை ஆசிரியர் அல்லர், நான்தான்.

இதே வகையைச் சேர்ந்த ஸ்னாப்பிமெயில் என்ற மற்றொரு மென்பொருளில் நிர்வாகிக்கென்று பிரௌசரிலேயே தனி அறை இருப்பதால், கோப்பைத் திறந்து திருத்த அஞ்சுகிறவர்களுக்கு அது இணக்கமாக இருக்கும். கோப்பில் கைவைக்கத் தயங்காதவர்களுக்கு ரவுண்ட்கியூபை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் மற்றவர்களை உள்ளே அழைப்பதற்கு முன், மெயில் டொமைனை நிரப்பி, அந்தப் பிளக்இன்னை இயக்கி, பதிலின் இடத்தை மேலே மாற்றி, கணினியோடு அதிகப் பழக்கமில்லாத ஒருவரை நுழையச் சொல்லி, அவர் பக்கத்தில் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் அப்படி உட்கார்ந்திருந்தால், நல்ல தமிழ் எழுதுகிற ஒருவர் தம் தமிழைச் சந்தேகித்திருக்க மாட்டார்.