காரிக்கு என்ன சுரந்தது?

‘வாடிவாசல்’ பற்றி நம்ம வயதுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் ஒரு வார்த்தை தவறாமல் வந்துவிடுகிறது: அட்ரினலின். பக்கத்துக்குப் பக்கம் அட்ரினலின் எகிறுது, நெஞ்சு படபடக்குது. நானும் அப்படி எழுதியவன்தான். ஹாஸ்டலில் ஒரே ராத்திரியில் படித்து முடித்து, விடியும் முன் ஸ்டேட்டஸ் போட்டேன். போன மாதம் பேரையூரில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி படித்தபோது அந்த ஸ்டேட்டஸ் தப்பு என்று பட்டது.

முதல் காரணம் எளிமையானது. அந்தக் குறுநாவலில் பாய்ச்சலைவிடக் காத்திருப்புதான் அதிகம். ஒரு மாலைநேரத்துக் கதை அது. அப்பன் அம்புலியைக் குத்திச் சாய்த்த காரிக்காளையை அணைய பிச்சி வந்து நிற்கிறான். கூட மருதன். பக்கத்தில் ஒரு கிழவன், விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறான். காரி வருவதற்கு முன் வேறு காளைகள் வருகின்றன, போகின்றன. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா விமர்சகராகக் கறாரானவர் என்று பெயர். அந்தக் கறார் இங்கே கதையை அவசரப்படாமல் பார்த்துக்கொள்கிறது.

இந்தக் காத்திருப்புக்கு அட்ரினலின் சரியான பெயர் இல்லை. அது சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலப்பது. மூளைக்குள் எளிதில் நுழைய அதற்கு அனுமதி கிடையாது. உள்ளே வேலை பார்ப்பது அதன் உடன்பிறப்பான நாராட்ரினலின். இது நரம்புச் செய்தி என்பதை உல்ஃப் வான் ஆய்லர் 1946இல் கண்டுபிடித்தார். 1970இல் நோபலைப் பங்கிட்டுக்கொண்டார். மூளைத்தண்டில் இரண்டு பக்கமும் சிறிய நீலப் புள்ளி ஒன்று இருக்கிறது. சில பத்தாயிரம் செல்கள்தான். ஆனால் மூளையின் பெரும்பகுதிக்கும் நாராட்ரினலின் போவது அங்கிருந்துதான். கனவு காணும் தூக்கத்தில் அது கிட்டத்தட்ட மௌனமாகிவிடும். விழித்த பிறகு அது ரொம்பக் குறைவாகத் துடித்தால் ஆள் மந்தமாகிறான். ரொம்பக் கூடினால் எல்லாச் சத்தத்துக்கும் தலையைத் திருப்புவான், எதிலும் நிலைக்க மாட்டான். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அடித்துடிப்பு நிதானமாக இருக்கும், தேவையான ஒன்று கண்ணில் பட்ட கணத்தில் மட்டும் சட்டென்று வெடித்துக் கிளம்பும். கவனம் கூர்மையாக இருப்பது அப்போதுதான்.

பிச்சி அந்த நடு அளவில் நிற்கிறவன். கூட்டம் அதைத் தாண்டிப்போய்விட்டது. எந்தக் காளை வந்தாலும் கத்துகிறது. கிழவன் பேச்சு வெறும் மண்வாசனைக்காகச் சேர்த்தது என்று முன்பு நினைத்தேன். இல்லை, அந்தப் பேச்சுதான் பிச்சியைத் தூங்கவும் விடாமல், பதறவும் விடாமல் வைத்திருக்கிறது. வாசகனையும்தான். சுல்லாப்பில் மாடு பிடிக்கிற எங்க ஊர் ஆட்கள் ‘பதறுனவன் கைக்குத் திமில் சிக்காது’ம்பாங்க. செல்லப்பாவுக்கு இது தெரிந்திருக்கிறது.

இதுவரை பாராட்டு. எனக்கு உறுத்துவது காரியின் பக்கம்.

கதைக்குள் எல்லாரும் காளையின் ரோசத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அது சீறுகிறது, வஞ்சம் வைக்கிறது, மானம் போனதும் வெறிகொள்கிறது. கடைசியில் ஜமீன்தார் அதைச் சுட்டுக் கொல்லும்போதும் அது தோற்ற வீரனின் சாவு மாதிரித்தான் நமக்குள் இறங்குகிறது. காளைக்குப் பயம் இருந்திருக்குமா என்ற கேள்வியே நாவலில் எழவில்லை.

ஆனால் கோபத்தையும் பயத்தையும் உடம்பை வைத்துப் பிரிக்க முடியுமா? வால்டர் கேனன் நாய் குரைப்பைக் கேட்டு மிரண்ட பூனைகளை வைத்து ஆராய்ந்தவர். ‘சண்டை அல்லது ஓட்டம்’ என்ற பேச்சு அவரிடமிருந்து வந்தது. பயத்திலும் ஆத்திரத்திலும் உடம்புக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அவருடைய வாதம். ரோமம் சிலிர்க்கிறது, கண்மணி விரிகிறது, வயிறு வேலையை நிறுத்துகிறது. வெளியில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரிவது இவ்வளவுதான். அதற்கு ரோசம் என்று பேர் வைப்பது பார்க்கிறவன் விருப்பம்.

தொல்காப்பியர் இங்கே நம்மைவிட ஜாக்கிரதையான ஆள். இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பேர் வைத்துவிட்டு, அச்சத்தையும் வெகுளியையும் மெய்யில் தெரியும் குறியால் பிரிக்கவில்லை. எதிலிருந்து பிறக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நாலு. வாடிவாசலில் இதில் இரண்டு ஒரே உருவில் வந்து நிற்கின்றன: காரி விலங்கு, ஆனால் ஜமீன்தாருடைய விலங்கு. திமிலைப் பிடிக்கிறவன் இறையையும் தொடுகிறான். நாவலின் பலமே இந்த முடிச்சு. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் காரிக்கு அச்சம் எதிலிருந்து? வாசலுக்கு வெளியே நிற்கும் அத்தனை பேரிடமிருந்தும்.

7 மே 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. காளை இரையாகும் இனத்தைச் சேர்ந்த விலங்கு, மிரண்டால் ஓடும் அல்லது எதிர்க்கும் என்று எழுதியது. கேனனின் பூனைகள் அப்படியாக எங்க மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 2017 ஜனவரியில் தமுக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். அந்தத் தீர்ப்பை நாங்கள் யாரும் படித்திருக்கவில்லை. பிறகு சட்டம் திருந்தியது. 2023இல் அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றது. ஜல்லிக்கட்டு வேண்டும் என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றம் இல்லை. ஆனால் ‘எங்க மாட்டுக்குப் பயமே கிடையாது’ என்று அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தியது பொய். அந்தப் பொய்யின் வசனம் எனக்கு வாடிவாசலிலிருந்துதான் கிடைத்தது.

எட்டு வயதில் சாப்டூர் பக்கம் ஒரு மஞ்சுவிரட்டுக்கு மாமா கூட்டிப்போனார். ஒரு செவலை மூங்கில் தடுப்பைத் தாண்டி எங்கள் பக்கம் குதித்தது. அதன் மூக்கணாங்கயிற்றின் நிறம், கொம்பில் ஒட்டியிருந்த மஞ்சள், கண்ணின் வெள்ளை எல்லாம் இன்றைக்கும் தெளிவாக இருக்கிறது. என்னைத் தூக்கி எறிந்து காப்பாற்றியது யார் என்பது இல்லை. நாராட்ரினலின் நினைவைப் பதிக்கும் விதம் அப்படி. நடுவில் இருப்பதை ஆழமாக வெட்டிவிட்டு ஓரத்தை விட்டுவிடும். இத்தனை வருசமாக அந்தக் கதையை ‘என்னையக் குத்த வந்துச்சு’ என்றே சொல்லிவந்தேன்.

இந்தத் தடவை மாமாவிடம் கேட்டேன். வெத்தலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “உன்னைய எங்கடா பாத்துச்சு அது. எங்கிட்டு வழின்னு தேடுச்சு. நீ அந்த வழியில நின்ன.”