சிவப்பழகு: குழாயின் பின்பக்கத்தை வாசித்தல்

1

சிவப்பழகுக் கிரீம் விளம்பரங்களை நாம் நிறையவே வாசித்துவிட்டோம். கறுத்த பெண், வேலை இல்லை, சன்னலோரம் நிற்கிறாள். வெளுத்த பெண், வேலை கிடைக்கிறது, மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கிறான். இந்த இருமை எதிர்வுகளைப் பிரித்து அடுக்கி, ஆணாதிக்கம், நிறவெறி, நுகர்வுக் கலாச்சாரம் என்று மூன்று முத்திரை குத்திவிட்டால் கட்டுரை முடிந்தது. நானும் அந்த மாதிரி எழுதியவன்தான். அந்த வாசிப்பில் தப்பு எதுவுமில்லை. ஆனால் அது குழாயின் முன்பக்கத்தோடு நின்றுபோன வாசிப்பு. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் இன்னொரு பிரதி இருக்கிறது. மூலப்பொருள் பட்டியல். அதை 'அறிவியல்' என்று ஒதுக்கிவிட்டோம். தமிழ் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பட்டியலுக்கு ஓர் இலக்கணம் உண்டு.

ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். விதி இவ்வளவுதான். முன்பக்கத்தில் குங்குமப்பூ விரிந்து கிடக்கும். பின்பக்கத்தில் அது வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில், வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே அதன் அளவு என்ன என்பதை வரிசையைக் கொண்டு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று முக்கியம். இது பெயர்ச்சொற்களால் மட்டுமே ஆன பிரதி. ஒரு வினைச்சொல்கூடக் கிடையாது. எந்தப் பொருள் என்ன செய்யும் என்று பட்டியல் வாய் திறக்காது. வினைச்சொற்கள் எல்லாம் முன்பக்கத்தில் இருக்கின்றன: மின்னும், பொலியும், மாறும். முன்பக்கத்தின் வினைகளுக்கும் பின்பக்கத்தின் பெயர்களுக்கும் நடுவே எழுவாய் - பயனிலை உறவு ஒன்று இருப்பதாக நாமே கற்பித்துக்கொள்கிறோம். இந்தக் கற்பிதத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. ஆகவே பெயர்களுக்கு அவற்றுக்குரிய வினைகளைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

2

நம் ஊர்களில் முகக் கிரீமுக்கு முதலில் வழங்கிய பெயர்களில் ஒன்று 'ஸ்னோ'. ஸ்னோவும் பவுடரும் என்று இரட்டைக்கிளவி மாதிரிச் சொல்வார்கள். 1919இல் பம்பாயில் பட்டன்வாலா கொண்டுவந்த 'ஆப்கன் ஸ்னோ' அந்தப் பெயரை நாடு முழுக்கப் பரப்பியது. பனியையே பார்க்காத ஜனங்கள் பனியை முகத்தில் பூசிக்கொண்டார்கள்.

இந்த வகைக் கிரீமின் உடம்பு மிக எளிமையானது. பெரும்பகுதி தண்ணீர். அடுத்து ஸ்டியரிக் அமிலம் என்னும் கெட்டிக் கொழுப்பு. அதில் ஒரு பகுதியைக் காரம் சேர்த்துச் சோப்பாக்கினால் அது தண்ணீரையும் கொழுப்பையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். கூடக் கொஞ்சம் கிளிசரின். முகத்தில் தேய்த்ததும் தண்ணீர் ஆவியாகிறது. கொழுப்பு மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. வெள்ளை மறைந்துவிடுவதால் கிரீம் 'உள்ளே போய்விட்டது' என்று நமக்குத் தோன்றுகிறது. உள்ளே எங்கும் போகவில்லை, மேலேதான் இருக்கிறது. பவுடர் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

ரொலாந் பார்த், 1957இல் வந்த 'மித்தாலஜீஸ்' நூலில் அழகுசாதன விளம்பரங்கள் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். தோலுக்கு ஓர் ஆழம் இருப்பதாகவும், தண்ணீரும் கொழுப்பும் அந்த ஆழத்துக்கு இறங்கி உயிரூட்டுவதாகவும் விளம்பரம் ஒரு தொன்மத்தைக் கட்டுகிறது என்பது அதன் சாரம். பார்த் குறிகளோடு நின்றார். சட்டியில் கொதிக்கும் ஸ்டியரிக் அமிலத்தையும் சேர்த்துப் பார்த்தால், 'ஆழம்' என்ற குறிப்பீடு கிரீம் மறைந்துபோகிற அந்தப் பௌதிக நிகழ்விலிருந்தே பிறக்கிறது என்பது தெரியும். தொன்மம் விளம்பர அலுவலகத்தில் மட்டும் உற்பத்தியாவதில்லை. விரல் நுனியிலும் உற்பத்தியாகிறது.

சிவப்பழகுக் கிரீமில் இந்த உடம்போடு இரண்டு சேர்க்கைகள் வருகின்றன. டைட்டானியம் டை ஆக்சைடு ஒன்று. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டிலும் இதே தூள்தான். வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதனால் தடவிய நிமிஷமே முகம் வெளுத்த மாதிரித் தெரியும். கழுவினால் போச்சு. இன்னொன்று, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருட்கள். இவை இருக்கிற நிறத்தைக் கூடுதலாகக் கறுக்கவிடாமல் காக்கும், அவ்வளவுதான். ஆக 'மாற்றம்' என்று முன்பக்கம் சொல்வதில் ஒரு பகுதி பூச்சு, ஒரு பகுதி குடை.

3

மிச்சம் இருப்பது நியாசினமைடு. பி3 வைட்டமினின் ஒரு வடிவம். பட்டியலில் நிஜமாகவே ஏதோ செய்கிற பெயர் இது.

மனிதத் தோலில் மெலனின் நிறமியைத் தயாரிக்கும் செல்கள் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. வேறுபாடு, அவை தயாரிக்கும் நிறமிப் பொட்டலங்களின் அளவிலும், அவை மேல்தோல் செல்களுக்குக் கைமாறிப் பரவும் விதத்திலும் இருக்கிறது. நியாசினமைடு நிறமி உற்பத்தியைத் தொடுவதில்லை, இந்தக் கைமாற்றத்தை ஓரளவு தடுக்கிறது. 2002இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் இந்தத் தடுப்பு 35 முதல் 68 சதவீதம் வரை இருந்ததாகச் சொன்னது. ஆய்வுக்கூடத் தட்டு வேறு, மனித முகம் வேறு. முகத்தில் கரும்புள்ளிகள் கொஞ்சம் மங்கும். நிறுத்தினால் மெல்லப் பழையபடி ஆகும். கறுத்த முகத்தைச் சிவந்த முகமாக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

இப்போது இந்த ஒரே மூலக்கூறின் வரலாற்றைப் பார்க்கலாம். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. நியாசினமைடைச் சார்ந்து நின்ற அந்தக் குழாய் தமிழுக்கு வந்தபோது 'சிவப்பழகு' ஆனது. வெள்ளை என்று சொல்லாமல் சிவப்பு என்று சொன்னதில் நம் சமூகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. 'பொண்ணு நல்ல செவப்பு' என்று தரகர் சொல்லும்போது அங்கே ஐரோப்பியன் இல்லை. சாதியும் சொத்தும் வெயிலில் வேலை செய்யாத உடம்பும் இருக்கின்றன. 2005இல் ஆண்களுக்கென்று ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் வந்தது. 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்டு கொலையை ஒட்டி எழுந்த போராட்டங்களின் பின்னணியில், ஃபேர் அண்ட் லவ்லி 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. குறிப்பான் மாறியது. நியாசினமைடு இருந்த இடத்தில் இருந்தது.

இதே மூலக்கூறு இன்று சொட்டுக்குழல் வைத்த கண்ணாடிப் புட்டியில் 'நியாசினமைடு 10 சதவீதம்' என்று வருகிறது. வாங்குகிறவர்கள் ஃபேர் அண்ட் லவ்லியைக் கேலி பேசும் படித்த வர்க்கம். இவர்கள் 'சிவப்பு' கேட்பதில்லை, 'பிரகாசம்' கேட்கிறார்கள். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது 2 முதல் 5 சதவீதம் வரைதான். 10 என்பது இரட்டைப் பலன் அல்ல, சிலருக்கு எரிச்சலும் தரலாம். ஆனால் எண் பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பின்பக்கப் பட்டியல் இங்கே முன்பக்கத்துக்கு ஏறிவிட்டது. மூலப்பொருளின் பெயரே விளம்பர வாசகமாகிவிட்டது. 'லேபிளைப் படித்து வாங்குங்கள்' என்று விழிப்புணர்வு சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். படிப்பவனுக்காகவே எழுதப்பட்ட முன்பக்கம் இது.

4

சரி, ஏமாற்றுத்தானே, தண்ணீரும் கொழுப்பும் வைட்டமினும் யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடும் என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில்தான் நம் முந்தைய வாசிப்புகள் எல்லாம் தடுக்கி விழுந்தன என்று நினைக்கிறேன்.

1975க்குத் திரும்புவோம். அதே வருஷம் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், வில்லிஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு சூத்திரம் வெளியிட்டார்: ஹைட்ரோகுவினோன் 5 சதவீதம், டிரெட்டினாயின் 0.1 சதவீதம், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 0.1 சதவீதம். நோயற்ற கறுப்புத் தோலையே இது வெளுக்க வைத்ததாகக் கட்டுரை சொன்னது. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில், பெரும்பாலும் கறுப்பர்களான கைதிகளின் தோலில் 1950கள் தொடங்கி 1974 வரை பரிசோதனைகள் நடத்தியவர் இதே கிளிக்மன்தான். அழகுப் பொருளுக்கும் மருந்துக்கும் நடுவிலான எல்லையைக் கலைத்து 'காஸ்மெஸூட்டிகல்' என்ற சொல்லைப் பரப்பியவரும் இவரே.

அந்த எல்லை நம் நாட்டில் வேறொரு விதத்தில் நீதிமன்றம் ஏறியது. விக்கோ டர்மரிக் கிரீம் அழகுப் பொருளா, ஆயுர்வேத மருந்தா என்ற கலால் வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மருந்துதான் என்று முடிந்தது. மஞ்சள் வரிக்காக மருந்தாயிற்று. இன்னொரு பக்கம், மருந்து ஆசைக்காக அழகுப் பொருளாயிற்று. கிளிக்மன் சூத்திரத்தின் வாரிசாக ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த களிம்புகள் மெடிக்கல் ஷாப்புகளில் 'வெள்ளையாக்கும் கிரீம்' என்று சீட்டில்லாமல் கைமாறின.

இங்கே வினைச்சொற்கள் உண்மையானவை. ஹைட்ரோகுவினோன் நிறமி உற்பத்திக்கான நொதியையே தடுக்கிறது. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி முகத்தை வெளிற வைக்கிறது. பிறகு தோலை மெலிய வைக்கிறது, நரம்புபோல் ரத்தக் குழாய்கள் தெரிய வைக்கிறது, பரு கொப்பளிக்க வைக்கிறது. விட்டால் விடாது.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, இதைச் சொன்ன விதம் எந்த மருத்துவக் கட்டுரையையும்விடத் துல்லியமானது. "மொத மாசம் பால் மாதிரி ஆயிட்டேன்டா. எல்லாரும் என்ன போடுறேன்னு கேட்டாங்க. அப்புறம் வெயில்ல போனா எரிய ஆரம்பிச்சுது. நிறுத்துனா அதவிட எரியுது. திரும்பப் போட்டா சரியாவுது. எதுக்காகப் போட ஆரம்பிச்சேன்னே மறந்துபோச்சு. எரியக்கூடாதுன்னு போடுறேன்." அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் என்ன போட்டாள் என்று கேட்டேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சிவப்பழகுக் கிரீம்தான். "அதுல ஒண்ணும் ஆவலடா. அதான் மெடிக்கல்ல கேட்டேன்."

'அதான்' என்ற இந்தச் சொல்லில்தான் மொத்த அரசியலும் இருக்கிறது. கெடுதல் செய்யாத கிரீம், செய்ய முடியாத ஒன்றை வாக்களித்து, ஆசையைப் பன்னிரண்டு வருஷம் வளர்த்து வைக்கிறது. அது நிறைவேற்றாத வாக்கைக் கெடுதல் செய்கிற களிம்பு ஒரே மாதத்தில் நிறைவேற்றுகிறது. முன்னதைத் தீங்கற்றது என்றும் பின்னதைச் சட்டமீறல் என்றும் பிரித்துப் பார்ப்பது சட்டத்தின் வசதி. வாங்குகிறவளின் வாழ்க்கையில் இரண்டும் ஒரே வாக்கியத்தின் இரண்டு பகுதிகள்.

2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுமருந்துகளை மருத்துவர் சீட்டு தேவைப்படும் எச் அட்டவணையில் சேர்த்தது. அந்த வாசல் கொஞ்சம் ஒருக்களித்தபோது பக்கத்திலேயே இன்னொன்று திறந்துதான் இருந்தது. பாதரசம் கலந்த கிரீம்கள். பாதரசமும் அதே நொதியைத்தான் தடுக்கிறது, தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. கேரளத்தின் கோட்டக்கலில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் அரிதான ஒரு துணைவகை நோய் இருந்தவர்கள் 15 பேர். அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் தடவியவர்கள். இத்தகைய டப்பாக்களில் பெரும்பாலும் மூலப்பொருள் பட்டியலே இருப்பதில்லை, இருந்தாலும் பாதரசத்தின் பெயர் இருக்காது. 'படித்து வாங்கு' என்ற உபதேசம் இந்த இடத்தில் முற்றாகச் செத்துவிடுகிறது. எழுதப்படாத பிரதியை எப்படி வாசிப்பது?

5

அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் போகாது: பசலை. தலைவியின் அழகுக்கு அங்கே பெயர் மாமை, மாந்தளிர் நிறம். தலைவன் பிரிந்தால் அந்த நிறம் போய்த் தோல் வெளிறிப் பொன்போல் ஆகிறது. வெள்ளிவீதியார் பாட்டில் அந்த அழகு, அவளுக்கும் இல்லாமல் அவனுக்கும் இல்லாமல், பசலைக்கு உணவாகிறது. வள்ளுவர் 119ஆம் அதிகாரத்தையே இதற்கு ஒதுக்கினார். அதாவது நிறம் வெளிறுவது அங்கே துன்பத்தின் அறிகுறி.

இதை வைத்து 'பண்டைத் தமிழர் கறுப்பைக் கொண்டாடினார்கள்' என்று கொடியேற்ற நான் தயாரில்லை. மாமையும் தலைவியின் உடம்பை ஒரு பார்வைக்கு ஒப்படைக்கிற சொல்தான். நான் காட்ட விரும்புவது வேறு. பசலைக்கு ஒரு காரணம் இருந்தது, காரணமானவன் ஒருவன் இருந்தான், அவனைக் கேள்வி கேட்கத் தோழி இருந்தாள். இன்றைக்கு அக்காவின் முகம் வெளிறியது, சிவந்தது, எரிந்தது. கடைக்காரர் "நீங்க கேட்டதத்தானம்மா குடுத்தேன்" என்கிறார். சிவப்பழகுக் கம்பெனிக்காரன் "எங்க கிரீம்ல ஸ்டீராய்டே இல்லையே" என்பான். அது உண்மையும்கூட.

போன மாதம் அக்கா மறுபடி கேட்டாள். "எந்தக் கிரீம்டா நல்லது?" தோல் டாக்டரைத் தொடர்ந்து பார், அந்தக் களிம்பை அவர் சொல்கிறபடி விடு என்று சொல்லிவிட்டு, வீட்டில் இருந்த குழாயைத் திருப்பிப் பின்பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வினை சேர்த்து. இது தண்ணி, காஞ்சுபோயிரும். இது கொழுப்பு, மேல உக்காரும். கிளிசரின், ஈரம் பிடிச்சு வைக்கும். இது வெயிலத் தடுக்கும். இது வெள்ளைத் தூள், கழுவுனா போயிரும். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"சிவப்பாக்குறது எதுடா?"

"அது இதுல இல்லக்கா."

கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத அன்னிக்கே யாராச்சும் படிச்சுக் காட்டியிருக்கலாம்" என்றாள். அன்றைக்கு நான் முன்பக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.