பலகையில் ஓடிய கை

எழுத்தழகு என்றதும் பலருக்குக் காகிதமும் மைப்பேனாவும் நினைவுக்கு வரும். எனக்குக் கரும்பலகைதான். காகிதத்தில் எழுதுகிறவர் உட்கார்ந்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுதுகிறார். ஆசிரியரோ நின்றபடி, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியும்படி எழுத வேண்டும். எழுதும்போதே ஒரு கண் வகுப்பின் மீதும் இருக்க வேண்டும். இந்தக் கலையை அதன் முழு நிறைவில் நான் பார்த்தது என் பெரியப்பாவிடம். தஞ்சை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியராக இருந்து, 58 வயதில் ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு காலமானார்.

புது சாக்பீஸை அவர் அப்படியே எடுத்து எழுத மாட்டார், பாதியாக ஒடிப்பார். முழுசாக இருந்தால் அதிர்ந்து கிறீச்சிடும். பாதித் துண்டு சொன்ன பேச்சுக் கேட்கும். எழுத எழுத அதை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிக்கொண்டே போவார். ஒரே பக்கம் தேய்ந்தால் கோடு தடித்துவிடுமே! முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் தடிமனில் வித்தியாசம் காண முடியாது. மணிக்கட்டால் அல்ல, தோளால் எழுதுவார். வரி நகர நகரக் காலும் நகரும். கோடு போடாத பலகையில் வரி சாயாமல் போனதற்கு அதுதான் காரணம்.

எல்லாவற்றையும்விட நான் ரசித்தது அவர் பக்கவாட்டில் நின்ற விதம். எழுதும் கையை உடம்பு மறைக்கவே மறைக்காது. ‘ழ’ எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் கீழே இறங்கிச் சுழிக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பின்தொடரலாம். இன்றைக்குத் திரையில் வரும் எழுத்து முடிந்த எழுத்து. அது பிறப்பதைக் குழந்தை பார்ப்பதில்லை. இந்த ஒன்றில் எந்தக் கருவியும் கரும்பலகைக்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் அந்தப் புள்ளி. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும். பலகைக்கு அந்தப் பயம் கிடையாது. பெரியப்பா சாக்பீஸை அழுத்தி, ஒரு திருகு திருகிப் புள்ளி வைப்பார். அது மல்லிகை மொட்டு மாதிரி உருண்டு நிற்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னால் கோவை இலையும் அடுப்புக்கரியும் வீட்டு அம்மியில் அரைபடும். அரைத்துக் கொடுப்பது பெரியம்மா. பலகைக்குப் பூசிவிட்டு வரும் பெரியப்பாவுக்குக் கை முழங்கை வரை கறுத்திருக்கும். அவருடைய பெண்கள் இருவரும் சொம்பில் தண்ணீர் மோந்து ஊற்றுவார்கள்.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. 1935 முதலே பெரியார் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட வடிவங்கள் அப்போதுதான் பள்ளிக்குள் நுழைந்தன. ணா, றா, னா, லை, னை முதலான 13 எழுத்துகள் உருமாறின. பெரியப்பா பலகையில் உடனே மாறிக்கொண்டார். பாடப்புத்தகத்தில் பிள்ளை எதைப் படிக்குமோ அதைத்தான் ஆசிரியர் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதும்போது பழைய ‘லை’ துதிக்கையை வளைத்துக்கொண்டு வந்துவிடும். மாப்பிள்ளை நலம், பேத்தியின் இருமல், வயலில் நடவு எல்லாம் எழுதி, ஒட்டும் மடிப்பு வரை நிரப்பியிருப்பார். அங்கேயும் வரி கோணாது.

ஊரில் கல்யாணமென்றால் மொய் எழுத அவரைத்தான் உட்கார வைப்பார்கள். மூலையில் மஞ்சள் தடவிய நோட்டு, பிள்ளையார் சுழி, ஊர், பெயர், தொகை. பந்தலில் எவ்வளவு கூட்டம் நெருக்கினாலும் எழுத்து நெருங்காது. கொடுப்பது சிறு தொகைதானே என்று கூசி நிற்பவரின் பெயரையும் அதே அளவில், அதே நிதானத்தில் எழுதுவார். தொகையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அவர் எழுத்தை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலகையில் எழுதியதெல்லாம் அன்றன்றைக்கே அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பவை கடிதங்களும் மொய் நோட்டுகளும்தான். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஓர் ஆசிரியரின் கையெழுத்து கிடக்கலாம். பழைய பேப்பர்காரருக்கு எடை போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.