மார்பில் ஒரு கண்

செவிலிமேட்டில், பாலாற்றுப் பாலத்தருகே, ஒரு போலீஸ்காரர் உங்கள் வண்டியை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சட்டையின் மார்புப் பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறது. அதுதான் உடலில் அணியும் காமிரா. சென்னைப் போக்குவரத்துப் போலீசார் சிலர் இதை ஏற்கெனவே அணிந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பேச்சு முற்றித் தகராறாகிவிட்டால் யார் முதலில் கையை ஓங்கினார் என்பதை இந்தக் கருவி சொல்லிவிடும், இது பொய் சொல்லாத சாட்சி என்று புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போமா?

முதலில், இந்தச் சாட்சி எதைப் பார்க்கிறது? நம் ஊர்க் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் மார்பில் ஒரு காமிராவைக் கட்டுங்கள். பட்டு தெரியும், கரை தெரியும், நாடா ஓடுவது தெரியும். குழிக்குள் மிதியை அழுத்தும் கால் தெரியாது. அந்தக் கால் இல்லாமல் பாவு பிரியாது, நெசவே இல்லை. போலீஸ்காரரின் மார்பிலுள்ள காமிராவும் இப்படித்தான். அதில் விழுவது உங்கள் முகம், உங்கள் கோபம், உங்கள் கை. அணிந்திருப்பவரின் முகம் விழாது; அவர் கை நீண்டால்தான் விரல்கள் தெரியும். இருவரும் நெருங்கிவிட்டாலோ, படத்தில் ஒரு சட்டைத் துணியும் குலுக்கலும்தான் மிச்சம்.

இது வெறும் ஊகமல்ல. 2019இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர், போலீஸ் காரின் முன்புறக் காமிரா எடுத்த படத்தை ஒரு சாராருக்கும், உடல் காமிரா எடுத்த படத்தை வேறொரு சாராருக்கும் காட்டித் தீர்ப்புக் கேட்டார்கள். உடல் காமிராப் படம் பார்த்தவர்கள், ‘போலீஸ்காரர் வேண்டுமென்றே செய்யவில்லை’ என்று நினைக்கும் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். செய்கிறவரின் உடல் படத்தில் தெரியாதபோது, அவருடைய நோக்கமும் நம் மனத்தில் மங்கிவிடுகிறது. ஆகவே காமிரா பொய் சொல்லாவிட்டாலும், அது ஒரு தரப்பில் நின்றுதான் பேசுகிறது.

‘போகட்டும், காமிரா இருக்கிறதென்ற பயத்திலாவது அடிதடி குறையாதா?’ என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவின் ரியால்டோ என்ற நகரில் 2012இல் தொடங்கி ஓராண்டு பரிசோதித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில் 28 ஆக இருந்த புகார்கள் 3 ஆகக் குறைந்தன. உலகெங்கும் காமிரா விற்பனை சூடுபிடித்ததற்கு இந்த ஒரு கணக்கு பெரிய காரணம். ஆனால் அங்கே பரிசோதனைக்கு உட்பட்ட போலீசார் 54 பேர்தான். பின்னர் வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட போலீசாரை வைத்துப் பரிசோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். காமிரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! வேறோர் ஆய்வு இன்னும் சுவையானது. பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டபோது பலப்பிரயோகம் கூடியது. விதிப்படி இயக்கியபோது குறைந்தது. அப்படியானால் பலன் கண்ணாடி வில்லையில் இல்லை, பொத்தானில் இருக்கிறது.

பொத்தானைப் போலவே முக்கியமானது, பதிவு எங்கே போய்ச் சேருகிறது என்பது. இதற்கு நாம் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வியாபாரி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்சையும் போலீஸ் பிடித்துச் சென்றது. சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். அந்தக் காவல் நிலையத்தில் காமிராக்கள் இருந்தன. விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் கண்டது என்ன? ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு இருந்தும், பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள்.

இடப் பற்றாக்குறையோ? நாமே கணக்கிடலாம். விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் ஒரு காமிரா பதிவு செய்வதாகக் கொள்வோம். மணிக்கு 1.35 கிகாபைட் ஆகும். ஒரு டெராபைட்டில் ஏறக்குறைய 740 மணி நேரம், அதாவது 30 நாள் அடங்கும். நான்கு காமிராக்கள் என்றாலும் ஒரு வாரத்துக்குக் குறையாது. (காகிதம் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.) ஒரு நாளில் அழிக்கும்படி வன்தட்டு கேட்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் காமிராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அது முடியாத இடங்களிலும் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. தெருவில் நடமாடும் காமிராவுக்கும் இதே கண்டிப்பு தேவை என்பது என் கருத்து. சோதனை தொடங்கும் முன்பே அது இயங்க வேண்டும். அணைத்தால் காரணம் எழுத வேண்டும். பதிவு அந்த நிலையத்தார் கைக்கு எட்டாத இடத்தில் சேர வேண்டும். படத்தில் விழுந்த உங்களுக்கு, கேட்டால் நகல் தர வேண்டும். இவ்வளவும் இல்லாமல் பெட்டியை மட்டும் வாங்கினால், லாபம் விற்றவருக்குத்தான்.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். அடித்த காட்சி வெளியே வந்தது, மறைந்திருந்த ஒருவர் தம் கைபேசியில் எடுத்ததால். அங்கே அடித்த தனிப்படையினர் காமிரா மாட்டச் சீருடைகூட அணிந்திருக்கவில்லை.